கிரேனின் சட்டைக்கு ஒரு சட்டம்

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். வீட்டுத் தரையும் ஏறக்குறையக் காய்ந்துவிட்டது. அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், புதன்கிழமை மாலையிலிருந்து உங்கள் வீட்டில் இருக்கும் உங்கள் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். என் போன் தண்ணீரில் மூழ்கி உயிரை விட்டுவிட்டது. எப்படி என்பது கீழே வரும். அது உயிரோடு இருந்திருந்தாலும் கடிதம்தான் எழுதியிருப்பேன். போனில் 'ஹலோ' சொல்வதும் நீங்கள்தான், 'சரி வெச்சிடறேன்' சொல்வதும் நீங்கள்தான், நடுவில் எனக்கு முறை வந்ததாக நினைவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அன்பினால் சொல்கிறேன்.

உங்கள் தங்கை தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். முப்பத்தோரு வருடம் சர்வேயராக நிலம் அளந்தவன் நான். இரண்டு பக்கத்துக்காரரையும் நிற்கவைத்துக்கொண்டுதான் எல்லைக் கல் நடுவோம். ஒரு பக்கம் மட்டும் கேட்டு நட்ட கல்லை மறுநாளே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

விவகாரம் ஒரு சட்டையைப் பற்றியது. சட்டையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் தோளைச் சொல்ல வேண்டும். உங்கள் தங்கை ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக ஈரப் போர்வை தூக்கியவள், இன்றைக்கும் அந்தப் பிரிவு அவள் மேற்பார்வையில்தான் ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டது. டாக்டர், தினமும் ஒரு பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து பிடியுங்கள் அம்மா, தானாகச் சரியாகிவிடும் என்றார். எங்கள் படுக்கையறைச் சுவரில் எறிந்தாள். இரண்டாம் நாளே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர் வந்து, தன் வீட்டு அலமாரியில் இருந்த பாத்திரங்கள் எல்லாம் இப்போது தரையில் இருக்கின்றன என்று மிகத் தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அதனால் தெருமுனையில் இருக்கும் சமூகக் கூடத்துக்குப் பந்தை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் சிலர் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஆள் ஒன்று குறைந்தது, சும்மா வந்து நில்லுங்கள் அக்கா, பந்து உங்கள் பக்கம் வராமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பந்து வந்தது. உங்கள் தங்கை அடித்தாள். அன்றைக்குக் கூடத்தில் ஒரு டியூப்லைட்டை மாற்ற வேண்டியிருந்தது, ஆனால் அன்று முதல் அணியில் அவளுக்கு நிரந்தர இடம். நாலாவது வாரம் பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். கிரேன். பெற்றவர்களும் நீங்களும் உட்கார்ந்து யோசித்து வைத்த அழகான பெயர் ஒன்று இருக்க, சட்டையின் முதுகில் ஒன்பதாம் எண்ணுக்கு மேல் 'கிரேன்' என்றுதான் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். முதலில் எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இப்போது வீட்டிலேயே நான் அவளை அப்படிக் கூப்பிட்டுப் பார்த்து, திட்டும் வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் அவள் ஆட்டத்தைப் பார்த்ததில்லை மச்சான், அதனால் சமீபத்தில் நடந்த மாவட்ட இறுதிப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரணியில் எல்லாரும் நெடுநெடுவென்று இருந்தார்கள், ஒரே மாதிரி காலணி, ஒரே மாதிரி தலைப்பட்டை, தண்ணீர் குடிப்பதுகூட ஒரே நேரத்தில். நம் அணியில் இரண்டு பேருக்கு முட்டியில் கட்டு, ஒருவருக்குக் கண்ணாடி, ஒருவர் இடைவேளையில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டார். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் பதினாலுக்குப் பதின்மூன்று, நமக்கு ஒரு புள்ளி போதும். அவர்கள் பந்தைப் பலமாக அடிப்பதுபோலக் கையை ஓங்கி, வலைக்குப் பக்கத்தில் மெதுவாகத் தட்டிவிட்டார்கள். அதை எடுக்க யாராலும் முடியாது என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். உங்கள் தங்கை பாய்ந்தாள் மச்சான். ஐம்பத்தாறு வயது மனுஷி, வீட்டில் கீழே விழுந்த கரண்டியை எடுக்க என்னைக் கூப்பிடுகிறவள், தரையோடு தரையாகப் பாய்ந்து, பந்துக்கும் தரைக்கும் நடுவில் புறங்கையைச் செருகினாள். பந்து எழும்பியது, மற்றவர்கள் அடித்து முடித்தார்கள், கோப்பை நமக்கு. முழங்கை சிராய்த்து, சட்டையின் இடது கை ஓரத்தில் ரத்தம் ஒரு சொட்டு. கூடம் முழுக்க 'கிரேன், கிரேன்' என்று ஒரே கூச்சல். நானும் கத்தினேன். எனக்கு இரண்டு நாள் குரல் வரவில்லை.

இங்கே என் மனசில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் இத்தனை காலமும் மாட்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், நான் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் கொடுத்த பாராட்டுப் பத்திரம். அதில் என் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டிருந்தார்கள், 'சோர்வின்றி உழைத்தார்' என்பது 'சோர்வுடன் உழைத்தார்' என்று அச்சாகியிருந்தது, அது உண்மைதான் என்பதால் நானும் திருத்தச் சொல்லவில்லை. அன்றைக்குப் போட்டி முடிந்து வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது, இவள் இருக்கிற வீட்டில் இதுவா தொங்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாளே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அந்த இடத்தில் சட்டையை மாட்டுவது என்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், அவள் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான், உங்களுக்குத் தெரியாததா.

முதல் அடி சலவையிலேயே விழுந்தது. அந்த ரத்தச் சொட்டோடு மாட்ட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அவளோ ஆஸ்பத்திரிச் சலவைக்காரி, அவள் பார்க்காத ரத்தமா. வீட்டுக்கு வந்த பத்தாவது நிமிடம் சரித்திரம் வெளுத்துப்போய்க் கொடியில் தொங்கியது. போகட்டும் என்று மூன்று வாரம் பொறுமையாக இருந்தேன். போன வாரம் முழுக்க எனக்கு இதே நினைவுதான். சாப்பிடும்போது அவள் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருப்பாள், நான் மனசுக்குள் அகலத்தையும் உயரத்தையும் கணக்குப் போட்டபடி 'ம்' கொட்டிக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனதும், இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்திருந்த சட்டையை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேம் கடைக்குக் கொண்டுபோனேன்.

பிரேம் கடைக்காரர் நல்ல மனிதர், மிகவும் இளகிய மனசு. சட்டையைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, யாருடையது என்று கேட்டார். என் மனைவியுடையது என்றேன். அவர் சட்டையைத் தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எப்ப சார் தவறினாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "தவறவே இல்ல. பத்தொன்பது சர்வீஸ் போட்டா, ஒண்ணுகூடத் தவறல."

அவர் என் தோளில் கை வைத்தார். பிறகு எனக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். என்ன மரியாதை, விளையாட்டு வீராங்கனையின் கணவன் என்றால் இப்படித்தான் நடத்துவார்கள் போலிருக்கிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். கீழே ஒரு பித்தளைத் தகடு வைக்கலாம் என்றார். பட்டப்பெயர் மட்டும் போதும் என்றேன். பிறந்த தேதி கேட்டார், கொடுத்தேன். பெரிய பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதும்போது பிறந்த தேதியைப் போடுவது வழக்கம்தானே. பிறகு தயங்கித் தயங்கி 'அந்த நாள்' எது என்று கேட்டார். கோப்பை வாங்கிய தேதியைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. வாலிபால் ரசிகர் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பகலில் சட்டம் வந்து சேர்ந்தது. கறுப்புச் சட்டம், உள்ளே வெள்ளை வெல்வெட், அதன் நடுவில் இரண்டு கையையும் விரித்தபடி உங்கள் தங்கையின் சட்டை. கீழே பித்தளைத் தகட்டில் 'கிரேன்', அதற்கும் கீழே இரண்டு தேதிகள், நடுவில் ஒரு சின்னக் கோடு. அது பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். சத்தியமாக எனக்குப் புரியவில்லை மச்சான். எனக்கு அது அளவுகோலில் போட்ட இரண்டு புள்ளி மாதிரி இருந்தது. இங்கே பிறந்தாள், இங்கே ஜெயித்தாள்.

சட்டையை அளந்தேன், சட்டத்தை அளந்தேன், சுவரை மூன்று தடவை அளந்தேன். படிக்கட்டை அளக்கவில்லை. முப்பத்தோரு வருடம் பிறத்தியார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்தவன், நான் தினம் ஏறி இறங்குகிற படிக்கட்டை அளக்கவில்லை. எங்கள் வீடு இரண்டாம் மாடி. நானும் பிரேம் கடைக்காரரும் முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு ஏறினோம். முதல் மாடித் திருப்பத்தில் சட்டம் குறுக்கே மாட்டிக்கொண்டது, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மேலே இருந்து இறங்க வந்தவர்கள் மேலேயே நின்றார்கள், கீழே இருந்து வந்தவர்கள் கீழேயே நின்றார்கள், யாரும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், எங்கள் கட்டடத்துக்காரர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. சட்டம் மாட்டியிருந்த இடம் முதல் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாரின் வாசல். அவர் கதவைத் திறந்தார். தகடு நேராக அவர் மூக்குக்கு முன்னால் இருந்தது. படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். சட்டத்துக்கு அடியில் கையை நுழைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தானே இருந்தாங்க. எப்படி சார் திடீர்னு?"

"திடீர்னு எல்லாம் இல்ல சார். மூணு வருஷமா எதிர்பார்த்ததுதான்."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"மூணாவது வரிசையில இருந்தேன். கடைசி நிமிஷம் வரைக்கும் போராடினா சார். விழுந்ததுகூட எவ்வளவு அழகா விழுந்தா தெரியுமா?"

வாத்தியார் கதவைப் பிடித்துக்கொண்டார். பாராட்டு கேட்டுப் பழக்கமில்லாத எனக்கு, அவர் நெகிழ்ந்துபோய் நிற்பதைப் பார்த்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சட்டத்துக்கு இரண்டு பக்கமும் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்த பிரேம் கடைக்காரரும் அழுதார், ஆனால் அவருக்குத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. கடைசியில் சட்டத்தைச் செங்குத்தாக நிமிர்த்தி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே அந்தரத்தில் பிடித்தபடி, நாலு பேர் உதவியோடு மேலே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அவள் மூன்றரை மணிக்கு வேலை முடிந்து வருவாள். அதற்குள் மாட்டிவிட வேண்டும். பத்திரத்தைத் தாங்கிய பழைய ஆணி இந்த எடையைத் தாங்காது, அதனால் நாலு புதுத் துளை. டிரில்லிங் மிஷினை இரவல் வாங்கி, ரசமட்டம் வைத்து, பென்சிலால் குறித்து, ஏணியில் ஏறி, மூன்று துளைகளை வெண்ணெயில் போட்டது மாதிரி போட்டேன். நாலாவது துளையில் தண்ணீர் வந்தது. வந்தது என்றால் கசிந்தது இல்லை, பீறிட்டு அடித்தது. கூடத்துச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அதன் குழாய் சுவருக்குள் எந்த வழியாகப் போகிறது என்பது தெரியாது. பிறகு வந்து பார்த்த பிளம்பர், துளை குழாய்க்கு நட்டநடுவில் விழுந்திருக்கிறது, இவ்வளவு நேராக என்னாலேயே போட முடியாது சார் என்றார். இதையும் உங்கள் தங்கையிடம் சொல்லவும். நான் மிஷினைக் கீழே போட்டுவிட்டுக் கட்டைவிரலால் துளையை அடைத்தேன். விரலின் ஓரமாகத் தண்ணீர் நேராக என் வலது காதில் அடித்தது. சட்டைப் பையில் இருந்த போன் ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது. சோபா நனைந்தது, செய்தித்தாள் எல்லாம் மிதந்தது. சட்டத்தில் மட்டும் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பிரேம் கடைக்காரர் அவ்வளவு இறுக்கமாக அடைத்துக் கொடுத்திருந்தார். தண்ணீரில் நின்றுகொண்டிருந்த அந்த நிலையிலும் அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நேரத்தில் உங்கள் தங்கை கட்டடத்துக்குள் நுழைந்திருக்கிறாள். இது நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. முதல் மாடியில் வாத்தியார் வீட்டு வாசலில் எட்டுப் பத்துப் பேர் கூடித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் கைப்பையோடு படியேறி வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறாள். வாத்தியார் கையில் இருந்த டீ டம்ளர் கீழே விழுந்தது. எல்லாரும் மேல்மாடியைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, பையை அங்கேயே போட்டுவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடி வந்திருக்கிறாள். கதவை அவள் திறந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை நான் மறக்க மாட்டேன் மச்சான். அப்போது எனக்குக் காரணம் தெரியாது, யாரோ சொல்லி, சட்டத்தைப் பார்க்கிற ஆவலில் ஓடி வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். ஏணி மேல் நான் உயிரோடு நிற்பதைக் கண்டு, கதவு நிலையில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். பிறகுதான் சட்டத்தைப் பார்த்தாள். கிட்டே போய்த் தகட்டைப் படித்தாள். கண்ணாடி மேல் கையை வைத்தாள்.

"இதுக்குள்ள நான் எப்படிங்க கை நுழைக்கிறது?"

இந்த ஒரு வாக்கியம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் நிறையப் பேசினாள், கடிகாரத்தைக் காட்டினாள், சட்டத்தைக் காட்டினாள், ஆனால் காதில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்ததால் 'அண்ணன் வீட்டுக்கு' என்பதும் 'ஞாயிற்றுக்கிழமை' என்பதும் தவிர வேறொன்றும் விளங்கவில்லை. உள்ளே போனாள். ஒரு பையோடு வெளியே வந்தாள். போகிற போக்கில் குளியலறைக்குப் பின்னால் இருந்த வால்வை மூடினாள், தண்ணீர் நின்றது. அங்கே ஒரு வால்வு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் ஏணியை விட்டு இறங்கி, காதைத் தட்டித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு வாசலுக்கு ஓடியபோது அவள் தெருத் திருப்பத்தைத் தாண்டிவிட்டாள்.

அன்று மாலையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய், என் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லிவருகிறேன். அவள் படியேறியதைப் பார்த்தவர்கள் நம்பினார்கள். பார்க்காதவர்கள் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஆமாம், அவங்க எங்கேயும் போகல, நம்மகூடத்தான் இருக்காங்க என்று முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். பிரேம் கடைக்காரர் விஷயம் தெரிந்ததும் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார். வாத்தியார் நிலைமைதான் பரிதாபம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் அவர் இரண்டு பக்கத்துக்கு இரங்கல் உரை எழுதி முடித்திருந்தார். எனக்கு வாசித்தும் காட்டினார். உங்கள் தங்கையின் அருமை பெருமைகளை அவ்வளவு அழகாக யாரும் எழுதியதில்லை, கேட்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை இனி என்ன சார் செய்வது என்று கேட்டார். பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் உதவும் என்று வாய் குழறிச் சொல்லிவிட்டேன். இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

சட்டம் இப்போது எதிர்ச் சுவரில் தொங்குகிறது, பின்னால் குழாய் இல்லை என்று பிளம்பர் தட்டிப் பார்த்துச் சொன்ன சுவர். ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நிற்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தால் தெருவிலிருந்தே ஒன்பதாம் எண் தெரியும், அதனால் திறந்தே வைத்திருக்கிறேன். தபால்காரர் நின்று பார்த்தார். பால்காரர் உள்ளே வந்தே பார்த்தார். ஒவ்வொருவருக்கும் அந்தக் கடைசிப் புள்ளியைத் தரையில் படுத்துக் காட்டி விளக்கியதில் எனக்கு இடுப்புப் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது மச்சான். இதற்குள் எப்படிக் கை நுழைப்பது. மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் அவளைக் கண்ணாடிக்குள் அடைத்துவிட்டேன் என்கிறாளா. இரண்டு தேதியைப் போட்டு நடுவில் கோடு கிழித்து, உன் ஆட்டம் இத்துடன் முடிந்தது என்று நான் எழுதிவிட்டதாக நினைக்கிறாளா. அவளுக்கு வயது ஐம்பத்தாறு என்றாலும் ஆட்டத்துக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது, எனக்குத் தெரியாதா. நாற்பது வயதில் பார்த்த அவளைவிட இப்போது பார்க்கிற அவள்தான் வேகமாகப் படியேறுகிறாள். நான் மாட்டியது அவளுடைய முடிவை இல்லை. முப்பது வருடம் பக்கத்தில் படுத்திருந்தவளை, ஆட்டக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்ற பிறகுதான் நான் சரியாகப் பார்த்தேன். அந்த வெட்கத்தைத்தான் பெருமை என்று சொல்லி ஆணியடித்து மாட்டிவிட்டேன் போலிருக்கிறது. இதையெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. நீங்கள் சொல்லுங்கள், அண்ணன் சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை என்று ஏதோ கெடு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அதற்குள் நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் விசாரித்து எழுதவும். நான் எதற்கும் சம்மதம். அவளைச் சமாதானம் செய்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டுமாய்க் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். வீடு காய்ந்துவிட்டது, ஆனால் வீடு மாதிரி இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், படிக்காவிட்டாலும் பந்தாவது விளையாடட்டும். உங்கள் முதுகுவலிக்கு அந்தத் தைலத்தையே விடாமல் தேய்த்து வரவும். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: கடிதத்தை மடித்து உறைக்குள் போடும்போது அழைப்பு மணி அடித்தது. உங்கள் தங்கை ஆடும் அணியின் தலைவி வந்து நின்றார், தொழிலால் பல் மருத்துவர். அக்காவின் சட்டையை எடுத்துவைத்துவிட்டீர்களா என்று கேட்டார். எதற்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார். அடுத்த சுற்றின் அரையிறுதி ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில், உங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் அரங்கத்திலாம். அங்கே முன்னதாகப் பயிற்சி செய்யத்தான் உங்கள் தங்கை விடுப்புப் போட்டுவிட்டு, புதன்கிழமை நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறாள். இதைப் போன வாரம் முழுக்க தினமும் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னாளாம், நானும் தினமும் 'ம்' என்றேனாம். பெயர் பதிந்தபோது கொடுத்த எண்ணை மாற்ற முடியாது, ஒன்பதாம் எண் சட்டை உலகத்தில் ஒன்றுதான். அவளுக்கு என்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன்.

"கோவமா? போன்ல சிரிச்சு சிரிச்சு அவங்களால பேசவே முடியல. என்னை உயிரோட மாட்டிட்டாருன்னு எங்க எல்லாருக்கும் தனித்தனியா போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க. வேற யாரு வீட்டுக்காரர் இப்படிச் செய்வாருன்னும் கேட்டாங்க."

பிறகு அவர் கைப்பையிலிருந்து தன் தொழிலுக்குரிய குறடு ஒன்றை எடுத்து, சட்டத்தைக் குப்புறப் படுக்கவைத்து, பின்பக்கம் இருந்த இருபத்தாறு ஆணிகளையும் வலிக்காமல் பிடுங்கினார். சட்டை வெளியே வந்துவிட்டது. கூடத்தில் இப்போது தொங்குவது வெறும் வெல்வெட்.

ஆகவே மேலே எழுதியிருக்கும் வருத்தம், மன்னிப்பு, வேண்டுகோள் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். அவளை எக்காரணம் கொண்டும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஆட்டம் வரைக்கும் நன்றாக ஓய்வெடுக்கவிடுங்கள், கனமான எதையும் தூக்க விடாதீர்கள். நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸில் அணியோடு நானும் வருகிறேன், சட்டை என் மடியில் வருகிறது. இந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டுவந்து நானே உங்களிடம் கொடுப்பேன், இந்தப் பின்குறிப்பை மட்டும் முதலில் படியுங்கள், மற்றதை ஆட்டம் முடிந்த பிறகு படித்தால் போதும். ஒன்றே ஒன்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் பக்கத்து இருக்கைக்காரர் யாராவது, அந்த ஒன்பதாம் நம்பர் யாரு சார் என்று கேட்டால், நீங்கள் அண்ணன் என்று முந்திக்கொள்ளக் கூடாது. நான் சொல்லிக்கொள்கிறேன்.